நடைமேம்பாலம் கட்டப் போகிறார்களாம். யாருக்காக?

பூக்கடைப்பக்கம்:
கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், பங்சார், செந்தூல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் வாருங்கள், யோசனை வேண்டும். எங்கள் குடியிருப்புக்கும் எதிரே இருக்கிற கிளினிக், மார்க்கெட், பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் ஆறு தடச் சாலை ஒன்று இருக்கிறது. கடக்க இருப்பது அழிந்துபோன சீப்ரா கோடு மட்டும். போன வாரம் குடியிருப்போர் கூட்டத்தில் நடைமேம்பாலம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. முட்டிவலிக்காரர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வருகிறவர்கள், இவர்கள் எல்லாம் ஏறி இறங்க வேண்டும், கார்க்காரர் மட்டும் காலை பெடலிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்றால் அது நடப்பவர்களுக்கான வசதியா, கார்களுக்கான வசதியா? தரையிலேயே பாதுகாப்பாகக் கடக்க வழி கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த கூட்டத்தில் வாயைத் திறக்க முடியும்.

வெயில்காரன்:
பாலம் தருகிறேன் என்கிறார்கள், வேண்டாம் என்கிறீர்கள். நல்ல கதை. அந்த ரோட்டில் கார் 80இல் வருகிறது. விளக்கு போட்டாலும் சிவப்பில் பாதி மோட்டார் சைக்கிள் நிற்காது, அது உங்களுக்கே தெரியும். மேலே போனால் உயிராவது மிஞ்சும். கேஎல்சிசியிலிருந்து புக்கிட் பிந்தாங் வரைக்கும் ஏர்கான் போட்ட மேல் நடைபாதை 2012இல் வந்ததே, அதில் கூட்டம் குறையவே இல்லை. இந்த வெயிலில் கீழே யார் நடக்கப் போகிறார்கள்?

அளவுகோல்:
சாலை வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெயில்காரன் சொல்லும் நடைபாதை ஒரு பெரிய கட்டடத்துக்குள் தொடங்கி இன்னொன்றுக்குள் முடிகிறது, மேலே போவதற்கு எஸ்கலேட்டர், லிப்ட் எல்லாம் அந்தக் கட்டடங்களே தருகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறவர் அதற்காக மேலே போவதில் அர்த்தம் இருக்கிறது. எதிர்ப்புறம் இருக்கிற கிளினிக்குக்குப் போகிறவர் நிலைமை வேறு. லாரி, பஸ் போக இடம் விட்டால் பாலத்தின் மேடை தரையிலிருந்து சுமார் 6 மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். சக்கர நாற்காலிக்கான சரிவு 1க்கு 12 என்று வைப்பார்கள், அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். 6 மீட்டருக்கு 72 மீட்டர், நடுநடுவே நின்று மூச்சு வாங்கும் சமதளங்களைச் சேர்க்காமல். அந்தப் பக்கம் இறங்க இன்னொரு 72. ரோட்டின் அகலமோ 21 மீட்டர்தான். இவ்வளவு நீளச் சரிவுக்கு நிலம் கிடைக்காது, ஆகவே லிப்ட் வைக்கிறோம் என்பார்கள். அந்த லிப்ட் ஓடுகிற நாள்களில் சரி.

இப்போது தரைக்கு வருவோம். ஆறு தடம், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர் என்றால் மொத்தம் 21. விளக்கு நேரத்தைக் கணக்கிடும்போது ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பழைய வழக்கம், அப்படியானால் 17, 18 வினாடியில் கடந்துவிடலாம். வயதானவர் வினாடிக்கு 0.8 மீட்டர்தான் நடக்கிறார் என்றால் 26 வினாடி வேண்டும். நடக்கலாம் என்று காட்டும் பச்சை மனிதன் விளக்கு அணைந்து எட்டு வினாடிக்குப் பிறகும் அவர் நடுரோட்டில் இருப்பார்! தடத்தைக் குறுக்கினால் கணக்கு மாறும். பஸ் போகும் ஓரத்தடம் 3.25, மற்ற இரண்டும் 3 மீட்டர் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 9.25. இரண்டு பக்கமும் சேர்த்து 18.5. மிச்சமாகும் இரண்டரை மீட்டரில் நடுவே 2 மீட்டர் திட்டு ஒன்று போட்டுவிடலாம், சக்கர நாற்காலியும் தள்ளுகிறவரும் நிற்கலாம். அப்புறம் அந்த வயதானவர் ஒரு தடவையில் கடக்க வேண்டியது 9.25 மீட்டர்தான், 12 வினாடி போதும். தடம் குறுகினால் ஓட்டுநரின் கால் தானாகக் கொஞ்சம் தளரும், அது இன்னொரு லாபம். ஒரு வீட்டைக்கூட இடிக்க வேண்டாம், பெரும்பாலும் பெயின்டும் கொஞ்சம் கான்கிரீட்டும்தான்.

மோட்டார்மணி:
சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன் நான். வெயில்காரன் அண்ணே, சிவப்பில் நிற்காதவனைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் இந்த இழையில் எங்களை வெறும் தொல்லையாக மட்டும் பேசிவிட்டுப் போகாதீர்கள். இந்த நாட்டில் வருசத்துக்கு 6,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள், அதில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். சாலை வடிவமைப்பு என்றதும் கார், பாதசாரி, சைக்கிள் என்று மூன்றையும் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிடுகிறார்கள்.

தடத்தைக் குறுக்குங்கள், சரி. ஆனால் குறுகின தடத்தில் இரண்டு காருக்கு நடுவில் நுழைந்து போகிறவன் நான்தானே, கண்ணாடி இடித்தால் விழுவது நான்தான். மழையில் அந்த வெள்ளைப் பெயின்ட் எப்படி வழுக்கும் தெரியுமா? லொங்காங் (ரோட்டோர வடிகால்) மேல் இருக்கும் இரும்புச் சட்டத்தின் இடைவெளி டயர் போகிற திசையிலேயே இருந்தால் முன்சக்கரம் மாட்டும். விளக்கில்லாத இடத்தில் திடீரென்று மேடு போட்டால் காருக்குக் குலுக்கல், எங்களுக்கு ஆஸ்பத்திரி. ஃபெடரல் ஹைவேயில் 1970களிலேயே மோட்டாருக்குத் தனிப்பாதை போட்ட ஊர் இது, உலகத்திலேயே அதுதான் முதல் என்பார்கள். அப்போது இருந்த யோசனை இப்போது எங்கே போனது?

அப்புறம் 2018இல் நகரத்துக்குள் நீல நிறத்தில் சைக்கிள் பாதை அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா. உலக நகர்ப்புற மாநாடு இங்கே நடக்கிற சமயத்தில். வெறும் நீலப் பெயின்ட், தடுப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. கார் நிறுத்தினார்கள், நாங்களும் அதில் ஓட்டினோம், உண்மையைச் சொல்கிறேன். சைக்கிள்காரன் பழையபடி ரோட்டில்தான். பெயின்டை மட்டும் நம்பிப் போனால் இந்தக் கதைதான்.

வெள்ளைக்கோல்:
வணக்கம். எனக்குக் கண் தெரியாது, திரைவாசிப்பான் மூலம் இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படம் போடுகிறவர்கள் கீழே ஒரு வரி விளக்கம் எழுதினால் நன்றாக இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் காலால் தடவி வழி அறியும் மஞ்சள் ஓடுகள் நிறைய, பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பது ஒரு காரணம். கோடு கோடாக இருக்கும் ஓடு போகும் திசையைக் காட்டும், புள்ளி புள்ளியாக இருப்பது நில் என்று சொல்லும். ஜப்பானில் மியாக்கே என்பவர் 1965இல் உருவாக்கினார், 1967இல் ஒக்காயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சந்திப்பில் முதலில் பதித்தார்கள். அங்கே முதல் ஓடு வைத்தது சந்திப்பில் என்பதைக் கவனியுங்கள். இங்கே நேரான நடைபாதையில் மைல் கணக்கில் ஓடு இருக்கிறது, சந்திப்பு வந்ததும் ஓடு முடிந்துவிடுகிறது. அல்லது யாரோ மோட்டாரை அதன் மேலேயே நிறுத்தியிருக்கிறார்கள். கோல் சக்கரத்துக்குள் மாட்டும், சூடான புகைக்குழாய் காலில் படும். மோட்டார்மணி கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் அங்கே நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் :)

அளவுகோல் ஐயா சொன்ன நடுத்திட்டு எனக்குப் பயம் தரும் இடம். திட்டுக்கு வந்துவிட்டேன் என்பது காலுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது பாதியின் விளக்கு வேறு நேரத்தில் மாறும் என்றால், முதல் பாதியின் சத்தத்தைக் கேட்டு இரண்டாவதில் இறங்கிவிடுவேன். ஆகவே திட்டின் இரண்டு ஓரத்திலும் புள்ளி ஓடும், ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனியாக ஒலி எழுப்பும் கருவியும் வேண்டும். ஒலி காதுக்குப் பக்கத்தில் கேட்கிற அளவுக்கு மட்டும் இருந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கட்டும்.

நாலுசக்கரம்:
வெள்ளைக்கோல் அண்ணா, உங்களுக்கும் எனக்கும் இங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சக்கர நாற்காலியில் போகிறவள். நடைபாதை விளிம்பு முழுவதும் ரோட்டு மட்டத்துக்கு இறங்கினால் எனக்குச் சொர்க்கம், உங்களுக்கோ நடைபாதை எங்கே முடிந்தது என்றே தெரியாது. ரெண்டு விரல் உயரப் படி இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு, என் முன்சக்கரம் அதிலேயே நின்றுவிடும். ஆகவே கடக்கும் இடத்தில் மட்டும் முழுச் சமமாக இறக்கி அங்கே புள்ளி ஓடு, மற்ற இடத்தில் விளிம்பு உயரமாகவே இருக்கட்டும். சம்மதமா?

இன்னொன்று, மோட்டார் ஏறாமல் இருக்க நடைபாதையில் இரும்புக் குழாயை வளைத்து நெருக்கமாக நட்டுவிடுகிறார்கள். மோட்டார் எப்படியோ நெளிந்து உள்ளே போய்விடுகிறது, நான் வெளியே நிற்கிறேன்!

வெள்ளைக்கோல்:
சம்மதம் தங்கச்சி. புள்ளி ஓடு முழு அகலத்துக்கும் வேண்டும், நடுவில் ஒரு முழம் மட்டும் வைத்தால் நான் தாண்டிப் போய்விடுவேன்.

லெபோபாசார்தாத்தா:
பினாங்கிலிருந்து எழுதுகிறேன், கோலாலம்பூர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

வெயிலில் யார் நடப்பார் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் ஜார்ஜ்டவுனில் வந்து பாருங்கள். லெபோ பாசார், குயின் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட், பழைய கடைவீடு ஒவ்வொன்றின் முன்னாலும் மேலே மாடி, கீழே ஐந்தடி என்கிற நடைவழி. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்திலேயே கடை முன்னால் தொடர்ச்சியான கூரைபோட்ட நடைவழி விட வேண்டும் என்று இருந்தது, இந்தப் பகுதி ஊர்களில் எல்லாம் அதே வழக்கம்தான். வெயிலும் மழையும் அப்போதும் இதே அளவு இருந்தது. சொந்த நிலத்தில் பொதுமக்கள் நடக்க வழி விட்டுத்தான் அந்தக் காலத்தில் கடை கட்டினார்கள்.

இப்போது அந்த ஐந்தடியில் நடக்க முடிகிறதா என்றால் பாதிதான். ஒரு வீட்டுத் தளம் மேலே, பக்கத்து வீட்டுத் தளம் ஒரு படி கீழே. ஒருவர் டைல்ஸ் போட்டிருப்பார், மழையில் சறுக்கும். இன்னொருவர் மேசை நாற்காலி போட்டிருப்பார், அடுத்தவர் சுவரே எழுப்பியிருப்பார். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் இந்த வழியை அடைக்கக்கூடாது என்று இருக்கிறது, இருந்து என்ன? ஐந்தடி அடைபட்டால் ஜனங்கள் ரோட்டில் இறங்குவார்கள், ரோட்டில் காருக்கு நடுவே நடப்பார்கள், அப்புறம் பாதசாரிக்கு ஒழுங்கில்லை என்று பேப்பரில் எழுதுவார்கள்.

என் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே 2009லிருந்து ஒரு ஏற்பாடு, முதியோர் தங்கள் அட்டையை விளக்குக் கம்பத்தில் தொட்டால் பச்சை மனிதனுக்குச் சில வினாடி கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் பட்டியலில் அதையும் சேருங்கள் அம்மா. செலவு பெரிதாக இருக்காது, என்னைப் போன்றவனுக்கு அந்தச் சில வினாடி பெரிய விஷயம்.

கல்லாப்பெட்டி:
எல்லாரும் அவரவர் கஷ்டத்தைச் சொல்கிறீர்கள், கடைக்காரன் கஷ்டத்தையும் கேளுங்கள். செந்தூலில் மளிகைக்கடை. கடை முன்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு நடைபாதையை அகலப்படுத்துகிறேன் என்றால் என் வாடிக்கையாளர் பேரங்காடிக்குப் போய்விடுவார். அங்கே மாடி மாடியாகக் கார் நிறுத்த இடம் இருக்கிறது. அரிசி மூட்டை லாரி எங்கே நிற்கும்? தீபாவளி நேரத்தில் கடைக்கு வெளியே கடை போட்டுத்தான் வருசத்து வியாபாரமே.

பூக்கடைப்பக்கம்:
அண்ணே, சென்னையில் பாண்டி பஜார் பற்றியும் முதலில் இதே பேச்சுதான். 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள், நான் போய்ப் பார்த்தேன். ஜனங்கள் குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரம் கூடியதா குறைந்ததா என்று என்னிடம் கணக்கு கேட்காதீர்கள், ஆனால் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. உங்கள் கடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள், எத்தனை பேர் பின் தெருவிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை எண்ணிப் பாருங்களேன்.

கல்லாப்பெட்டி:
செருப்பு போட்டு வருகிறவர் அரைக்கிலோ வெங்காயம் வாங்குவார் தங்கச்சி, காரில் வருகிறவர் மாசச் சாமான் வாங்குவார். எண்ணிக்கை வேறு, கல்லா வேறு.

அளவுகோல்:
நியாயமான கேள்வி, இதற்குத் தப்பிக்கிற பதில் சொல்லக்கூடாது. மூட்டை இறக்க ஒரு இடம் ஒதுக்கி, காலை பத்து மணிவரை லாரிக்கு மட்டும் என்று வைக்கலாம். கார் நிறுத்துமிடம் முழுக்கப் போக வேண்டியதில்லை. போக வேண்டியது சந்தி முனையில் நிற்கும் கார்கள், நடப்பவர் வருவது ஓட்டுநருக்குத் தெரியாமல் மறைப்பது அவைதான். முனையில் நடைபாதையைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் கட்டிவிட்டால் அங்கே நிறுத்தவும் முடியாது, கடக்கும் தூரமும் குறையும். எடுத்த ஒரு கார் இடத்தில் ஆறு மோட்டாராவது நிறுத்தலாம், அப்போது மஞ்சள் ஓடும் தப்பிக்கும்.

என் அனுபவத்தில் பேச வேண்டியது, ஆனால் யாரும் பேசாதது, இடதுபக்கம் நிற்காமல் திரும்புகிற அந்த வளைவுத் தடம். நம் ஊர் பெரிய சந்திகளில் பாதிக்கு மேல் அது இருக்கிறது. ஓட்டுநர் வலப்பக்கம் வரும் காரையே பார்த்துக்கொண்டு திரும்புவார், இடப்பக்கம் கால் வைத்த ஆளைப் பார்க்கவே மாட்டார். முனையை வட்டமாக அகலமாக வெட்டியிருப்பதால் 40, 50 வேகத்தில் திரும்ப முடிகிறது. அந்தத் தடத்தை மூடி முனையைக் கூர்மையாக்கினால் வேகம் தானே குறையும். மூட முடியாது என்றால், கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடையாக்குங்கள். அப்போது கார்தான் ஏறி இறங்க வேண்டும். பூக்கடைப்பக்கம் கேட்டது இதுதானே?

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. காய்ந்த ரோடு, ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி. 30இல் வருகிற கார் நிற்க சுமார் 13 மீட்டர் ஆகும், 60இல் வருகிறது கிட்டத்தட்ட 37. குழந்தை 20 மீட்டர் தூரத்தில் இறங்கினால், முதல் கார் நின்றிருக்கும், இரண்டாவது கார் பிரேக்கை அப்போதுதான் தொட்டிருக்கும். 2020இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டு அறிக்கை, ஜனங்களும் வாகனமும் கலக்கும் இடத்தில் 30க்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். ஆனால் ஆறு தடத்தை விமான ஓடுதளமாக விரித்துப் போட்டு 30 என்று பலகை வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள், நானே மதிக்கமாட்டேன்.

மணி தம்பிக்கு: நீங்கள் சொன்ன லொங்காங் சட்டம், மேட்டுக்கு முன்னால் வெளிச்சம், வழுக்காத பெயின்ட் மூன்றும் சரி. மேடையின் சரிவு மெதுவாக நீளமாக இருந்தால் மோட்டார் விழாது, குறுகலான உயரமான மேடுதான் ஆளைத் தூக்கிப் போடும். விளக்கில் கார்களுக்கு முன்னால் மோட்டாருக்கு ஒரு பெட்டி வரைந்தால் நீங்கள் நெரிசலில் மாட்டாமல் முதலில் கிளம்பிவிடலாம், சீப்ரா கோட்டின் மேல் போய் நிற்கவும் தேவையிருக்காது.

வெயில்காரன்:
மேடை கட்டினால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? கோலாலம்பூரில் வருசத்துக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அடித்தால் போதும், உங்கள் மேடை அணைக்கட்டாகிவிடும். பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

அளவுகோல்:
இதுதான் இழையிலேயே சரியான எதிர்ப்பு. பல இடத்தில் மேடை போட்டு, தண்ணீர் தேங்கி, மறுபடி உடைத்திருக்கிறார்கள். மேடைக்கு மேட்டுப்பக்கம் குறுக்கே ஒரு வடிகால் வாய், மேடைக்கும் நடைபாதைக்கும் நடுவே தண்ணீர் ஓடக் கால்வாய், அதன் மேல் சக்கரம் மாட்டாத மூடி. ரோட்டின் சரிவைப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும், பள்ளத்தில் வைக்கக்கூடாது. பராமரிப்பு இல்லாவிட்டால் இலை அடைத்துக்கொள்ளும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பூக்கடைப்பக்கம்:
மூடி என்றதும் ஞாபகம். 2024 ஆகஸ்டில் இங்கே கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா தெருவில் நடைபாதையில் போன ஒரு பெண் மண் உள்வாங்கி விழுந்து, கடைசிவரை கிடைக்கவே இல்லையே, அதிலிருந்து அம்மா எந்த மூடியைப் பார்த்தாலும் சுற்றித்தான் போகிறார். நடைபாதைக்குக் கீழே என்ன இருக்கிறது, யார் கடைசியாகத் தோண்டினார்கள் என்றும் கேட்கப் போகிறேன்.

சரி, கடிதத்தில் இப்போதைக்குப் போவது: நடுத்திட்டு, குறுகிய தடம், வளைவுத் தடத்தை மூடுவது அல்லது மேடையாக்குவது, புள்ளி ஓடு முழு அகலம், இரண்டு பாதிக்கும் தனி ஒலி, முதியோர் அட்டை, மோட்டார் பெட்டி, லாரிக்கு நேரம். மரமும் சேர்க்கிறேன், பனை வகை வேண்டாம், நிழல் தருகிற மரம். பாலத்தை எதிர்க்கிறோம் என்று எழுதலாமா, வேண்டாமா?

வெயில்காரன்:
எதிர்க்கிறோம் என்று எழுதினால் பாலமும் போகும், தரையும் வராது. முதலில் தரை வழியைச் செய்யுங்கள், அப்புறம் பாலம் தேவையா என்று பார்க்கலாம் என்று எழுதுங்கள். நான் இன்னும் பாலம் கட்சிதான், ஆனால் அந்த 72 மீட்டர் கணக்கு கொஞ்சம் உறுத்துகிறது.

நாலுசக்கரம்:
"அப்புறம் பார்க்கலாம்" என்று நாமே எழுதிக் கொடுத்தால் அதை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். என் வாக்கு எதிர்ப்புக்கு.

மோட்டார்மணி:
பஸ் நிறுத்தத்தை மறந்துவிட்டீர்கள் அக்கா. இப்போது அது கோட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. பஸ் நின்றால் அதன் மூக்கைச் சுற்றி ஆள்கள் ஓடி வருவார்கள், பக்கத்துத் தடத்தில் வருகிற எனக்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

அளவுகோல்:
கடக்கும் இடத்தைத் தாண்டி நிறுத்தம் வர வேண்டும். அப்போது இறங்கியவர் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார், மறைப்பு இருக்காது. ஆனால் உங்கள் சாலையில் தாண்டினால் அங்கே பெட்ரோல் ஸ்டேஷன் வாசல் வருமே, அதற்கும் கிளினிக்குக்கும் நடுவில் பஸ் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று அளக்காமல் சொல்ல முடியாது. அளவு நாடா என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழரைக்கு, வண்டி குறைவாக இருக்கும்போது வருகிறேன், மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும்.

கல்லாப்பெட்டி:
நான் வருகிறேன். லாரி இடத்தையும் அளந்துவிடுங்கள்.